பல்வேரில் நட்ட முளை: மேற்பரப்பும் பிணைப்பும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தொழினுட்பத்தின் வரலாற்றைப் பொருள்களின் வரலாறாக எழுதும் வழக்கமே பெரிதும் நிலவிவருகின்றது. மரத்தின் இடத்தைப் பொன் பிடித்தது, பொன்னின் இடத்தை உருக்கு பிடித்தது, உருக்கின் இடத்தைப் பிசின் பிடித்தது என்று கூறிச் செல்லுதல் எளிது. ஒவ்வொரு புதிய பொருளும் தன் வலிமையினாலேயே முந்தியதை வென்றது என்ற எண்ணத்தையும் அத்தகைய வரலாறு தோற்றுவிக்கின்றது. ஆயின் இரு பொருள்கள் சேருமிடம் ஒன்று எப்பொழுதும் உண்டு. அவ்விடத்தில் நிகழ்வதை ஆராயாது எழுதப்படும் வரலாறு, வலிமை வாய்ந்த பொருள் ஏன் தோற்றது என்ற வினாவுக்கு விடை கூறவல்லதன்று.

இக்கருத்தினை மிகச் சிறிய பொருளொன்றின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பல்லொன்றின் முடிப்பகுதி சொத்தையினால் அழிந்தபின்னும் அதன் வேர் தாடையெலும்பில் உறுதியாக நிற்றல் கூடும். அத்தகைய வேரின் கால்வாயினுட் சிறு தண்டொன்றைச் செருகி, அதன் வெளிப்பகுதியைத் துணையாகக் கொண்டு புதிய முடியை எழுப்புவது பல்மருத்துவத்தின் பழைய முறைகளுள் ஒன்று. பல்மருத்துவர் 'போஸ்ற்' எனக் கூறும் அத்தண்டினை நாம் 'முளை' என வழங்குவோம். இன்று பெருவழக்கிலுள்ள முளைகளுள் ஒருவகை, நுண்ணிய கண்ணாடி இழைகளைப் பிசினுட் பதித்துச் செய்யப்படுவது. இதனை 'இழைமுளை' என்போம். இது வேரினுள் இறுகச் செருகப்படுவதில்லை. பிசின் சீமெந்தினால் ஒட்டப்படுகின்றது. எனவே, ஒட்டுவதற்கு முன் முளையின் மேற்பரப்பையும் வேரின் உட்சுவரையும் எவ்வாறு பதப்படுத்துவது என்ற வினா, பல் நிலைப்பதா வீழ்வதா என்ற வினாவோடு நெருங்கிய தொடர்புடையதாயிற்று.

முளையின் வரலாறு வலிமையைத் தேடிய வரலாறாகத் தொடங்கிற்று என்பதும், அத்தேட்டம் வேரையே பிளந்த பின்னரே மேற்பரப்பின் மீது கவனம் திரும்பிற்று என்பதும், அம்மேற்பரப்பு அறிவும் தன் எல்லையை எஞ்சியிருக்கும் இயற்கைப் பல்லிடத்தே காண்கின்றது என்பதும் எமது வாதங்களாகும்.

2. பொன்முளையும் மரமுளையும்

பிரான்சியப் பல்மருத்துவர் பியேர் பொஷார் 1728ஆம் ஆண்டில் இரு பாகங்களாக வெளியிட்ட நூல், பல்மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநிறுத்திய ஆக்கமாகக் கொள்ளப்படுகின்றது. பொன்னாலோ வெள்ளியாலோ ஆன முளையை வேர்க்கால்வாயினுட் செலுத்திச் செயற்கைப் பல்லை நிறுத்தும் முறை அந்நூலில் விவரிக்கப்பட்டுள்ளது. முளையைத் தாங்குவதற்கு, வெப்பத்தால் இளகும் 'மாஸ்ரிக்' எனும் ஒட்டுப்பொருள் பயன்படுத்தப்பட்டது. ஆகவே முளை, ஒட்டுப்பொருள், வேர்ச்சுவர் ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே ஒருங்கு தோன்றிவிட்டன. எனினும் அடுத்த இரு நூற்றாண்டுகளும் ஆய்வுக்குட்பட்டது பெரும்பாலும் முளை ஒன்றே. 1746இல் குளோட் மூற்றன், பொன்முடியும் பொன்முளையும் சேர்ந்த அமைப்பொன்றை எடுத்துரைத்தார். பொன்னும் கைத்திறனும் வேண்டிய இத்தகைய சிகிச்சை செல்வர்க்கே உரியதாயிருந்தது என்பதைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

பொன்னுக்கு மாற்றாக மரமுளை பரவிற்று. அதன் சிறப்பு விலைக் குறைவு மாத்திரமன்று. மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பருத்தபோது வேரினுள் இறுகும். ஒட்டுப்பொருள் சரிவர உதவாத காலத்தில், பொருளின் சொந்த இயல்பையே பிடிமானமாக்கிய இவ்வுபாயம் நுண்ணறிவு வாய்ந்ததெனவே தோன்றியிருத்தல் வேண்டும். ஆயின் அதே பருமன் அதிகரிப்பு வேர்ச்சுவரை உள்ளிருந்து நெருக்கிற்று. நாளடைவில் பல வேர்கள் நெடுக்காகப் பிளந்தன. பிளந்த வேரைப் பிடுங்குவதன்றி வேறு வழியில்லை. பல்லைத் தாங்கவந்த முளையே பல்லின் அழிவுக்குக் காரணமாகும் நிலையை வரலாறு இங்கு முதற்றடவையாக எமக்குக் காட்டுகின்றது. பிற்காலத்தில் உலோக முளைகளிடத்தும் இதுவே வேறுருவில் மீண்டும் நிகழ்ந்தது.

3. வேரைக் காப்பதா, களைவதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த இரு மாற்றங்கள் முளையின் பயனையே கேள்விக்குள்ளாக்கின. 1844இல் நைத்திரசு ஒட்சைட்டும் 1846இல் ஈதரும் மயக்கமருந்துகளாக அமெரிக்காவிற் கையாளப்பட்டமையால் பல் பிடுங்குதல் வலியற்றதாயிற்று. வல்கனைற்று எனும் வன்மையாக்கிய இறப்பரினாற் செய்யப்பட்ட பொய்ப்பற்கட்டு அவ்வேலையின் செலவைக் குறைத்தது. வேரைக் காத்து முளை நடுவதிலும் அனைத்தையும் களைந்து கட்டு அணிவதே மலிவானதென்ற நிலை உருவாயிற்று. பல் காக்கப்படுவதும் களையப்படுவதும் மருத்துவ அறிவினால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மறுபுறத்தில், முளைநடப்பட்ட வேர்களுட் பல தூய்மை செய்யப்படாதவை. இறந்த பற்கூழ் உள்ளிருக்கவே மேலே பொன்முடி அணிவிக்கப்பட்டது. 1878இல் அறிமுகமான றிச்மண்ட் முடி போன்ற அமைப்புக்கள் பொறிமுறையிற் சிறந்தனவாயினும் கீழுள்ள நோயை அவை தீர்க்கவில்லை. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்ரர் 1910ஆம் ஆண்டு மொன்றியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இத்தகைய பல்வேலையைக் கடுமையாகத் தாக்கினார். வாயிலுள்ள நச்சூட்டம் உடலெங்கும் நோய்களைத் தோற்றுவிக்கின்றது என்ற 'குவியத் தொற்று'க் கோட்பாடு இதனையொட்டி வலுப்பெற்றது. பற்கூழ் இறந்த பல் யாவும் ஐயத்துக்குரியதாயிற்று. அடுத்துவந்த ஏறத்தாழ மூன்று தசாப்தங்களில் எண்ணற்ற பற்கள் பிடுங்கப்பட்டன. ஹன்ரரின் கண்டனத்தில் உண்மை இருந்தது. அக்கண்டனத்திலிருந்து பெறப்பட்ட நடைமுறையோ மிகையானது. எக்ஸ் கதிர்ப்படமும் பற்றீரியவியலும் வேர்ச்சிகிச்சைக்கு உறுதியான அடிப்படையை அளித்தபின்னரே இந்நிலை மாறலாயிற்று. 1943இல் அமெரிக்க வேர்ச்சிகிச்சையாளர் சங்கம் நிறுவப்பட்டமை இம்மீட்சியின் அடையாளமாகும். தூய்மை செய்யப்பட்டு அடைக்கப்பட்ட வேர் கிடைத்ததும் முளைக்கு மீண்டும் தேவை பிறந்தது.

4. பொறிமுறைப் பிடிமானத்தின் காலம்

இதற்கிடையில் பல்லைப் புதுப்பிக்கும் கலையிற் பொறிமுறைச் சிந்தனை முழு ஆட்சி பெற்றிருந்தது. அமெரிக்காவின் ஜி. வி. பிளக் 1908இல் வெளியிட்ட நூல், நிரப்புபொருளைத் தாங்குவதற்கு ஏற்ற வடிவிற் குழியை வெட்டும் விதிகளை வகுத்தது. நிரப்புபொருள் பல்லோடு ஒட்டாது. ஆகவே அதனைத் தாங்குமாறு பல்லை வெட்டுதல் வேண்டும் என்பதே அவ்விதிகளின் உட்கிடை. நலமான பகுதியும் இதனால் வெட்டுண்டது. 1907இல் வில்லியம் ரகற் எடுத்துரைத்த மெழுகிழப்பு வார்ப்பு முறை, வேரின் வடிவுக்கு ஏற்ப உலோகத்தை வார்க்கும் வாய்ப்பினை அளித்தது. 1930களளவில் முளையும் அடித்தண்டும் ஒன்றாக வார்க்கப்பட்டு, முடி தனியே அணிவிக்கப்படும் முறை நிலைபெற்றது.

இம்முளைகளை வேரினுள் நிறுத்திய நாகபொசுபேற்றுச் சீமெந்து உண்மையில் ஓர் ஒட்டுப்பொருளன்று. முளைக்கும் வேருக்கும் இடையேயுள்ள வெளியை நிரப்பி, இருபுறத்து நுண்கரடுகளிலும் இறுகி, உராய்வினால் அது பிடித்தது. எனவே பிடிமானத்தை அதிகரிக்க வேண்டின் முளையை நீட்டவேண்டும், தடிக்கச்செய்யவேண்டும், அன்றேல் திருகாணிபோல வரியிட்டுச் சுவரினுட் செலுத்தவேண்டும். மூன்றும் வேரின் சுவரை மெலியச்செய்வன அல்லது நெருக்குவன.

இங்கு பொருளியல்பு சார்ந்த முரண்பாடொன்றும் உண்டு. பல்லின் பெரும்பகுதி, டென்ரீன் எனப்படும் பன்முதலினால் ஆனது. அதன் மீள்தன்மை மட்டு ஏறத்தாழ 18 கிகாபாஸ்கல். தைற்றேனியத்தின் மட்டு ஏறத்தாழ 110. உருக்கினது ஏறத்தாழ 200. மெல்லும்போது பல் சிறிதளவு வளைகின்றது. அதனுள்ளிருக்கும் உலோகமோ அந்தளவு வளைவதில்லை. வளைய மறுக்கும் தண்டின் நுனியில் தகைப்பு குவிகின்றது. அங்கிருந்தே வெடிப்பு தொடங்குகின்றது. முளை முறியாது நிற்க, வேர் பிளக்கின்றது. முளை பல்லுக்கு வலுவூட்டுகின்றது என்ற நம்பிக்கையும் இக்காலத்தில் ஆட்டங்கண்டது. சோரன்சன், மாற்றினோவ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு, வேர்ச்சிகிச்சை பெற்ற 1,273 பற்களை நோக்கி, முளை நடுவதனாற் பற்களின் வெற்றி வீதம் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை எனக் கண்டது. முளை மேற்கட்டுமானத்தைத் தாங்குவதற்கு உரியதேயன்றி, வேருக்கு வலுவூட்டுவதற்கு உரியதன்று என்ற தெளிவு இவ்வாறு பிறந்தது.

5. மேற்பரப்பின் கண்டுபிடிப்பு

பொறிமுறைப் பிடிமானத்துக்கு மாற்றான சிந்தனை பல்மருத்துவத்தினுள் மாத்திரம் வளர்ந்ததன்று. சுவிற்சர்லாந்து இரசாயனவியலாளர் ஒஸ்கார் ஹாகர், அமிலக்கூறு கொண்ட பிசினொன்று பன்முதலோடு பிணையத்தக்கது என்பதை 1949ஆம் ஆண்டளவில் உணர்ந்தார். 1952இல் கிரேமரும் மக்லீனும் அப்பிசின் பட்ட இடத்திற் பன்முதலின் மேற்படை மாற்றமுற்றிருப்பதை நுணுக்குக்காட்டியிற் கண்டனர். அக்காட்சியின் முழுப்பொருளும் வெளிப்படுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன.

1955இல் நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரில் மைக்கேல் புவோனோகோர் எளிய சோதனையொன்றைச் செய்தார். எனாமல் எனப்படும் மிளிரியின் மீது 85 வீதப் பொசுபோரிக்கமிலத்தை 30 செக்கன் இட்டுக் கழுவியபின், அக்கிரிலிக்குப் பிசின் அதன்மீது நெடுநாள் ஒட்டி நின்றது. உலோகத்துக்கு வண்ணப்பூச்சு இடுமுன் அதனைப் பொசுபோரிக்கமிலத்தாற் பதப்படுத்தும் ஆலை வழக்கமே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது. அமிலம் மிளிரியில் நுண்துளைகளைத் தோற்றுவிக்க, பிசின் அவற்றினுட் புகுந்து கெட்டியாயிற்று. பல்லை வெட்டாமலே பிடிமானம் பெறலாம் என்பதை நடைமுறையிற் காட்டிய நிகழ்ச்சி இதுவேயாகும்.

மற்றொரு படிப்பினை கண்ணாடியிழைத் தொழிலிலிருந்து வந்தது. கண்ணாடியிழை சேர்ந்த பிசின் பொருள்கள் ஈரத்தில் வலுவிழந்தன. நீர் இழைக்கும் பிசினுக்கும் இடையிற் புகுந்தமையே காரணம். சிலேன் எனும் இணைப்பான் இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. அதன் மூலக்கூற்றின் ஒரு முனை கண்ணாடியிலுள்ள சிலிக்காவைப் பற்ற, மறுமுனை பிசினோடு தாக்கமுறும். அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகத்தில் ஆய்வுசெய்த றஃபாயெல் போவன், 1962இல் உரிமம் பெற்ற தமது கூட்டுப்பிசினிற் சிலிக்காத் துணிக்கைகளைச் சிலேன் கொண்டு பதப்படுத்தினார். வானூர்தி உறுப்புக்களையும் படகுகளையும் ஆக்கிய தொழிலறிவு இவ்வழியாகப் பல்லினுட் புகுந்தது.

மிளிரியோடு ஒட்டுதல் எளிது. பன்முதலோடு ஒட்டுதல் அரிது. அது ஈரமானது; கொலாஜன் எனும் புரதநார்கள் நிறைந்தது. அதன்மீது அமிலம் இட்டாற் பற்கூழ் பாதிப்புறும் என மேனாட்டறிஞர் பலர் அஞ்சினர். யப்பானில் தகாவோ புசயாமாவும் அவர் குழுவினரும் 1979இல் மிளிரிக்கும் பன்முதலுக்கும் ஒருங்கே அமிலமிடும் முறையை முன்வைத்தனர். 1982இல் நொபுவோ நாகபயாஷியும் அவர்தம் சகாக்களும் அதன் பொறிமுறையை விளக்கினர். அமிலம் கனிப்பொருளை நீக்க, வெளிப்பட்ட கொலாஜன் வலையினுட் பிசினின் சிறுமூலக்கூறுகள் ஊடுருவி அங்கேயே கெட்டியாகின்றன. இவ்வாறு தோன்றும் படை தனிப் பல்லுமன்று, தனிப் பிசினுமன்று. ஆகவே அது 'கலப்புப்படை' எனப் பெயர்பெற்றது. கிரேமரும் மக்லீனும் கண்ட காட்சி இப்பொழுதே பொருள்பெற்றது.

6. இழைமுளையும் அதன் இரு இடைமுகங்களும்

1990இல் பிரான்சில் துரே, றெய்னோ முதலியோர் காபன் இழைகளை எப்பொட்சிப் பிசினுட் பதித்துச் செய்த முளையினை அறிமுகஞ் செய்தனர். வலிமையிற் போட்டியிடுவது இதன் நோக்கமன்று. பன்முதலோடு ஒத்து வளைவதே நோக்கம். வகையையும் விசை தாக்கும் திசையையும் பொறுத்து இழைமுளைகளின் மீள்தன்மை மட்டு வேறுபடினும், அது உலோகங்களினதைவிடப் பன்முதலினதற்கு மிக அண்மையானது. கருநிறக் காபனைத் தொடர்ந்து, 1990களின் போக்கிற் குவாட்சு, கண்ணாடி இழைகளாலான வெண்ணிற முளைகள் வந்தன. இவற்றுட் சில ஒளியையும் ஓரளவு கடத்துவன.

இதனால் தோல்வியின் வடிவம் மாறிற்று. ஃபெராரி முதலியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட பின்னோக்கு ஆய்வு, ஒன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை சென்ற 1,304 இழைமுளைகளை நோக்கி, நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றே தவறின எனக் கண்டது. தவறியவற்றின் முதன்மையான வகை முளை கழன்றமையே. கழன்ற முளையை மீண்டும் ஒட்டலாம். பிளந்த வேரை மீண்டும் சேர்த்தல் அரிது. தோல்வி முற்றாக நீங்காதபோதும் பல்லைக் கொல்லாத தோல்வியாக அது மாறியமையே இழைமுளையின் வரலாற்றுச் சாதனை எனலாம்.

ஆயின் கழலுதல் ஏன் நிகழ்கின்றது? முளைக்கும் சீமெந்துக்கும் இடையே ஓர் இடைமுகமும், சீமெந்துக்கும் வேர்ச்சுவருக்கும் இடையே மற்றோர் இடைமுகமும் உள. முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஆலையிலிருந்து வரும் முளையின் மேற்பரப்பிற் பெரும்பாலும் தென்படுவது எப்பொட்சிப் பிசினே. அது முன்னரே முற்றாகப் பல்பகுதியமானது, செறிவாகக் குறுக்கிணைந்தது. புதிய சீமெந்தோடு தாக்கமுறத்தக்க கூட்டங்கள் அதில் அரிது. சிலேன் கண்ணாடியைப் பற்றும்; கண்ணாடியோ பிசினால் மூடப்பட்டுள்ளது. பதப்படுத்தாத முளைமீது சிலேனை மாத்திரம் பூசிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தமைக்கு இது முக்கிய காரணமாகும். அது பயன்தந்ததாகச் சிலர் கண்டனர். 2006இல் பெர்டிகாவோ முதலியோர் குறிப்பிடத்தக்க பயன் எதனையும் காணவில்லை.

ஆகவே இழைகளை வெளிப்படுத்தும் வழிகள் தேடப்பட்டன. முதலாவது, அலுமினாத் துணிக்கைகளை அமுக்கவளியால் வீசி மேற்பரப்பைக் கரடாக்குதல். இது பரப்பைப் பெருக்குகின்றது. அளவு மீறின் இழைகளை முறித்து முளையின் வடிவையும் மாற்றுகின்றது. இரண்டாவது, சிலிக்கா பூசிய அலுமினாத் துணிக்கைகளை வீசுதல். 1989இல் ஜேர்மனியிலிருந்து உலோகத்தையும் சுடுமண் பொருளையும் கருதி அறிமுகமான இம்முறையில், மோதலின் ஆற்றலாற் சிலிக்கா மேற்பரப்பிற் பதிகின்றது. அதன்மீது சிலேன் பற்றுகின்றது. மூன்றாவது, ஐதரோபுளோரிக்கமிலம். பீங்கானைப் பதப்படுத்துவதற்குச் சிறந்த இவ்வமிலம் கண்ணாடியையே கரைப்பதாதலின் இழைகளை அரித்துச் சிதைக்கின்றது. ஒரு பொருளுக்கு மருந்தாவது பிறிதொன்றுக்கு நஞ்சாதலை இங்குக் காண்கின்றோம்.

நான்காவது வழி எமது கவனத்துக்குப் பெரிதும் உரியது. இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் காண்பதற்காக இழையங்களை எப்பொட்சியுட் பதித்து மென்வெட்டாக்கும் ஆய்வாளர், தேவையானபோது அவ்வெப்பொட்சியை ஒட்சியேற்றும் கரைசல்களால் அகற்றுவது வழக்கம். இத்தாலியில் மொன்ரிசெல்லி முதலியோரும் வானோ முதலியோரும் 2006இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஐதரசன் பேரொட்சைட்டு முளையின்மீது இவ்வாறு பயன்படுத்தப்பட்டது. 10 வீதக் கரைசல் 20 நிமிடத்துக்கோ, 24 வீதக் கரைசல் 10 நிமிடத்துக்கோ இடப்பட்டபோது, எப்பொட்சியின் மேற்படை கரைந்து இழைகள் சிதையாது வெளிப்பட்டன. அதன்பின் சிலேன் இடப்பட, பிணைப்பு வலிமை உயர்ந்தது. விலையுயர்ந்த கருவி எதனையும் வேண்டாத, எங்கும் கிடைக்கும் இரசாயனப்பொருளொன்று இங்குப் பயன்பட்டமை குறிப்பிடத்தக்கது. வேரினுள் முளையைப் பொருத்திப் பார்க்கும்போது படியும் மாசினை நீக்காது ஒட்டினால், இம்முறைகள் யாவும் பயனற்றுப்போகும் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

7. அளவீட்டின் சிக்கல்

இரண்டாவது இடைமுகமாகிய வேர்ச்சுவர் இதனினும் கடினமானது. வேர்க்கால்வாயைக் கழுவப் பயன்படும் சோடியம் ஐப்போகுளோரைற்று விட்டுச்செல்லும் ஒட்சிசன், பிசினின் பல்பகுதியமாதலைத் தடுக்கின்றது. முளைக்கு இடமாக்கும் துரப்பணம், அடைப்புப்பொருளான கற்றாப்பேர்ச்சாவின் எச்சங்களைச் சுவரிற் பூசிவிடுகின்றது. சீமெந்து கெட்டியாகும்போது சுருங்குகின்றது. ஒட்டிய பரப்புக்கும் ஒட்டாத பரப்புக்கும் உள்ள விகிதம் பெரிதாக, அச்சுருக்கத்தின் தகைப்பும் பெரிதாகும் என்பதை 1987இல் ஃபைல்சர் முதலியோர் காட்டினர். ஒடுங்கிய வேர்க்கால்வாயில் இவ்விகிதம் 200ஐயும் மீறவல்லது. அன்றியும், பன்முதலிலேயே உறங்கிக்கிடக்கும் நொதியங்கள், பிசினால் முற்றாகச் சூழப்படாத கொலாஜனை நாளடைவிற் சிதைக்கின்றன என்பதை 2004இல் பாஷ்லி முதலியோர் எடுத்துக்காட்டினர். இன்று ஒட்டிய பிணைப்பு நாளையும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ளவியலாது.

பிணைப்பை அளக்கும் முறைகளும் விவாதத்துக்குரியன. வேரை மென்துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் முளைப்பகுதியைத் தள்ளி வெளியேற்றும் சோதனையே பெருவழக்கு. கொராச்சி முதலியோர் 2004இல் இதனை நுண்ணிழுவைச் சோதனையோடு ஒப்பிட்டனர். பின்னைய முறையில் மாதிரிகளுட் பல, இழுக்கப்படுமுன்னரே பிரிந்துபோயின. 2005இல் அவர்களே வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒட்டுபிசின் இட்ட முளைகளும் இடாத முளைகளும் தள்ளுதலுக்கு ஏறத்தாழ ஒரேயளவான எதிர்ப்பையே காட்டின. அவ்வெதிர்ப்பிற் பெரும்பங்கு வழுக்கல் உராய்வினது என அவர்கள் முடிவுசெய்தனர். அமிலம், பிசின், சிலேன் என இவ்வளவும் கடந்துவந்த பின்னரும், நாகபொசுபேற்றுக் காலத்து உராய்வு முற்றாக விடைபெற்றுச் செல்லவில்லை. வரலாற்றிற் கடக்கப்பட்டதாகக் கருதப்படுவது புதியதன் உள்ளேயே தொழிற்படுதல் உண்டு.

மேலுமொன்று. ஆய்வுக்கூடத்திற் கையிலெடுத்துப் பதப்படுத்தத்தக்கது முளையின் மேற்பரப்பு. கண்ணுக்கும் கருவிக்கும் எளிதில் எட்டாதது வேரின் ஆழம். பிரிவு பெரும்பாலும் நிகழ்வதாக அறியப்படுவதோ சீமெந்துக்கும் பன்முதலுக்கும் இடையிலேயே. எனவே முளையின் மேற்பரப்பில் அடையப்படும் முன்னேற்றம் யாவும் நோயாளியின் வாயில் அதேயளவு பலிக்கும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. எளிதிற் பதப்படுத்தக்கூடிய பரப்பையே மிகுதியாக ஆராயும் சாய்வு, எல்லாத் துறை அறிவுக்கும் பொதுவானதோர் ஆபத்தாகும்.

8. முடிவுரை

இவ்வரலாற்றின் இறுதியில் நாம் வந்துசேருமிடம் முளையன்று, சீமெந்துமன்று. ஈறுக்கு மேலே எஞ்சிநிற்கும் இயற்கைப் பல்லின் விளிம்பாகும். முடியின் ஓரம் 1.5 முதல் 2 மில்லிமீற்றர் வரையான நலமான பன்முதலைச் சுற்றித் தழுவிநிற்குமாயின், மெல்லும் விசை வேரெங்கும் பரவுகின்றது. முளையின் இடைமுகங்கள் சுமக்கும் பாரமும் குறைகின்றது. ஒரு மில்லிமீற்றர் பன்முதல்கூட முறிவுத்தடையைக் கணிசமாக உயர்த்தும் என்பதைச் சோரன்சனும் எங்கெல்மனும் 1990இலேயே ஆய்வுக்கூடச் சோதனையிற் கண்டனர். இழைமுளை அறிமுகமான அதே ஆண்டில் இக்கண்டுபிடிப்பும் வெளியானமை கருதத்தக்கது. பிரேசிலில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான எழுமாற்று ஒப்பீட்டாய்வொன்று, கண்ணாடியிழை முளைக்கும் வார்ப்புலோக முளைக்கும் இடையே நீண்டகால நிலைப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. தேர்ந்த கையாளுகையும் நல்ல வேர்ச்சிகிச்சையும் உள்ளவிடத்து முளையின் வகை ஒன்றே முடிவைத் தீர்மானிப்பதில்லை என இதனைப் பொருள்கொள்ளலாம்.

அவ்வாறாயின் மேற்பரப்பு பற்றிய இவ்வறிவு வீணோ? அன்று. பிடிமானத்துக்காகப் பல்லை வெட்டவேண்டியிருந்த காலத்தை முடிவுக்குக் கொண்டுவரும் வாய்ப்பை அளித்தது அவ்வறிவே. அதன் உண்மையான பயன் முளையை இறுக ஒட்டுவதிலும் பார்க்க, வெட்டாமல் விடுவதிலேயே உள்ளது. வெட்டாமல் விடப்படும் மில்லிமீற்றருக்கு விலையில்லை. அது எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்யப்படுவதுமன்று. ஆனால் அதனை விட்டுவைக்கும் தீர்மானத்துக்கு, ஒட்டுதல் பற்றிய ஆழ்ந்த அறிவு வேண்டும். பொருளை வாங்கலாம், அவ்வறிவைக் கற்றே பெறவேண்டும். சாதனங்களை வெளியிலிருந்து பெறும் நாடுகளின் பல்மருத்துவக் கல்விக்கு இவ்வேறுபாடு அடிப்படையானது.

2022ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய்நோய்களால் பாதிப்புற்றுள்ளனர் என மதிப்பிட்டது. அவர்களுட் பெரும்பகுதியினர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்வோர். வேர்ச்சிகிச்சைக்கு வழியற்றவர்க்கு இழைமுளையின் இடைமுகம் பற்றிய வினா எழுவதேயில்லை; பல் பிடுங்கப்படுவதோடு அவர்தம் சிகிச்சை முடிந்துவிடுகின்றது. வல்கனைற்றுக் காலத்தில் விலை தீர்மானித்ததை இன்றும் பல இடங்களில் விலையே தீர்மானிக்கின்றது. சொத்தை பற்கூழை எட்டுமுன் அதனைத் தடுக்கும் பொதுச் சுகாதாரப் பணியும், வேரைக் காக்கும் சிகிச்சையை எல்லோர்க்கும் எட்டச்செய்யும் ஏற்பாடும் இல்லாதவிடத்து, மேற்பரப்பு அறிவு சிலருடைய வாயில் மாத்திரமே பயன்படும். பொஷாரின் பொன்முளைக்கும் இன்றைய இழைமுளைக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழிந்துள்ளன. இக்காலத்திற் பிணைப்பின் பொறிமுறையை அறிவியல் பெருமளவு விளக்கிவிட்டது. அதன் பயனை எல்லோரிடமும் சேர்ப்பிக்கும் பணியோ ஆய்வுக்கூடத்தில் நிறைவுறத்தக்கதன்று.